ஒரு விசைக்குப் பல பொருள்: குறுக்குவிசைகள் வேறுபட்ட வரலாறு

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருத்தல் மொழியின் இயல்பு. நிகண்டு செய்த நம் முன்னோர் ஒருசொற் பலபொருளுக்கெனத் தனித் தொகுதியே வகுத்து வைத்தனர். அத்தகைய சொல்லின் பொருளை அதனோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளிந்துகொள்ளலாம் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வழியும் காட்டியுள்ளார். தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தி அன்று.

கணினியின் விசைப்பலகையிலும் இதே நிலை உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சொல்லைப் பிழையாகப் பொருள் கொண்டவன் மீண்டும் கேட்டுத் தெளியலாம். விசையைப் பிழையாக அழுத்தியவனுக்கோ அந்த வாய்ப்பு எப்பொழுதும் கிடைப்பதில்லை. அவன் விரலை எடுக்குமுன் பொறி தன் வேலையை முடித்துவிடுகிறது.

விண்டோஸ் கணினியோடு சேர்ந்தே வரும் செயலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். எஃப் 5 என்னும் விசை, கோப்புகளைக் காட்டும் சாளரத்திலும் எட்ஜ் உலாவியிலும் காட்சியைப் புதுப்பிக்கிறது. நோட்பேடில் அதே விசை அன்றைய நாளையும் நேரத்தையும் எழுதிவிடுகிறது. கண்ட்ரோலுடன் டபிள்யூ விசையை அழுத்தினால் உலாவியில் திறந்திருக்கும் பக்கம் மூடிக்கொள்ளும். பெயிண்டில் அழுத்தினாலோ படத்தின் அளவை மாற்றும் சிறு பெட்டி திறக்கும். கண்ட்ரோலுடன் டி என்பது உலாவியில் ஒரு பக்கத்தை நினைவுக்குறியாகச் சேமிக்கும். கோப்புச் சாளரத்தில் அது தேர்ந்தெடுத்த கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும். ஓரிடத்தில் போற்றி வைத்தல், மற்றோரிடத்தில் தூக்கி எறிதல்! ஆப்பிள் நிறுவனத்தின் மெக் கணினியும் இதற்கு விலக்கன்று. அங்குக் கமாண்ட் விசையுடன் டி, கோப்புச் சாளரத்தில் கோப்பை இரட்டிக்கும். சஃபாரி உலாவியில் பக்கத்தைக் குறித்து வைக்கும்.

கணினி வகுப்புகளிலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் குறுக்குவிசைப் பட்டியலை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு செயலியில் கற்றதை மற்றொன்றில் செய்து பார்த்து அது பலிக்காதபோது, ஐம்பது வயதை எட்டிய ஆசிரியர், "இது நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறார். சிறுவனோ, தான் மந்தன் என்று எண்ணிக்கொள்கிறான். இவ்விரண்டு முடிவும் பிழையானவை. பட்டியல் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதற்குக் காரணம் கற்பவரின் அறிவுக்குறைவன்று. அறுபது ஆண்டுக் கால வரலாறே அதற்குக் காரணம். அந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

மணியடித்த விசை

கண்ட்ரோல் விசை இன்றைய கணினிக்காகப் பிறந்ததன்று. தொலைவிலுள்ள பொறிக்குச் செய்தி அனுப்பிய டெலிடைப் பொறிகளின் காலத்திலிருந்து வந்தது அது. எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கி என்னும் முறை 1963-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டு, 1967-இல் பெரிதும் திருத்தப்பட்டது. அதில் மொத்தம் 128 இடங்கள். முதல் 32 இடங்கள் தாளில் அச்சாகும் எழுத்துகளுக்கு உரியவை அல்ல. பொறியை ஏவும் குறிகளுக்கு உரியவை.

கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஓர் எழுத்தை அழுத்தினால், அவ்வெழுத்தின் வரிசை எண்ணுக்குரிய ஏவற்குறி சென்றது. ஏ என்றால் 1, சி என்றால் 3, இசட் என்றால் 26. ஏழாம் எழுத்தாகிய ஜி அனுப்பிய குறி, எதிர்முனையில் இருந்த பொறியில் உண்மையாகவே மணியை அடித்தது. எட்டாம் எழுத்து எச் ஓரிடம் பின்னே நகர்த்தியது. பதின்மூன்றாம் எழுத்து எம், அச்சுத்தலையை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டு சென்றது.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். இவ்வெழுத்துகளை எவரும் பொருள் நோக்கித் தேர்ந்தெடுக்கவில்லை. வரிசை எண்ணே அவற்றை முடிவு செய்தது. மூன்றாம் குறி 'உரை முடிந்தது' என்பதைக் குறித்தது. ஆகவே சி, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தும் விசையாகப் பல கணினிகளில் வழங்கலாயிற்று. பத்தொன்பதாம் குறியாகிய எஸ், வந்துகொண்டிருக்கும் செய்தியை நிறுத்தி வைக்கவும், பதினேழாம் குறியாகிய கியூ மீண்டும் தொடங்கவும் பயன்பட்டன. இசட், எழுத்துகளுள் இறுதியானது, சி.பி.எம்., எம்.எஸ்.டாஸ் ஆகிய அமைப்புகளில் அது கோப்பின் முடிவைக் காட்டிற்று.

இன்று நம் மாணவர் சி என்றால் படியெடுத்தல் என்றும், எஸ் என்றால் சேமித்தல் என்றும், இசட் என்றால் செய்ததை மீட்டல் என்றும் படிக்கின்றனர். ஆனால் லினக்ஸ் கணினியில் கட்டளைகளை எழுத்தால் தட்டச்சிடும் சாளரத்தைத் திறந்து, சேமிக்கும் எண்ணத்துடன் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினால் திரை உறைந்து நின்றுவிடும். கணினி கெட்டுவிட்டது என்று அஞ்சுவோர் பலர். அது கெடவில்லை, டெலிடைப் காலத்துக் கட்டளைக்கு இன்றும் பணிந்து நிற்கிறது. கண்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் மீண்டும் நடக்கும்.

ஊருக்கொரு வழக்கு

1970-களில் கணினித் திரையில் எழுதவும் திருத்தவும் செயலிகள் தோன்றின. அவற்றை ஆக்கியோர் தத்தம் பொறிக்கு ஏற்றவாறு விசைகளை வகுத்துக்கொண்டனர். 1976-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஈமேக்ஸ் தோன்றியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் என்பவர் வி.ஐ. என்னும் செயலியை உருவாக்கினார். வி.ஐ.யில் எச், ஜே, கே, எல் ஆகிய எழுத்துகளே இடம், கீழ், மேல், வலம் எனச் சுட்டியை நகர்த்தின. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ என்னும் முனையத்தில் அம்புக்குறிகள் அந்நான்கு எழுத்துகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தன என்பதே காரணம்.

1978-இல் வெளிவந்த வோர்டுஸ்டார் வேறு வழி கண்டது. கண்ட்ரோலுடன் ஈ, எஸ், டி, எக்ஸ் ஆகிய நான்கு விசைகள் சுட்டியை நான்கு திசையிலும் நகர்த்தின. விசைப்பலகையில் அவை அமைந்துள்ள இடத்தை நோக்குவோர்க்கு, ஈ மேலும், எக்ஸ் கீழும், எஸ் இடமும், டி வலமுமாக இருத்தல் புலனாகும். அம்பு விசைகள் இல்லாத பலகைகளுக்கு அஃது அறிவார்ந்த ஏற்பாடே. ஆனால் அங்கு எஸ் என்றால் சேமித்தல் அன்று; இடப்புறம் ஓர் எழுத்து நகர்தல்.

வோர்டுபர்ஃபெக்ட் என்னும் செயலியோ எழுத்துகளை விட்டு, எஃப் வரிசை விசைகளைக் கைக்கொண்டது. அதில் எஃப் 3 உதவி, எஃப் 7 வெளியேறுதல், எஃப் 1 விலக்குதல். 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குச் செயலியிலோ எஃப் 1 தான் உதவி. ஒரே அலுவலகத்தில் இரண்டையும் பயன்படுத்திய எழுத்தர்கள், விசைகளைச் சுற்றிப் பொருத்தும் பிளாஸ்டிக் அட்டையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தனர். ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்கானதே. ஒன்றோடொன்று சேர்ந்தபோதுதான் குழப்பம் பிறந்தது.

பாடநூல் பதிப்பகம் தந்த பயன்

இன்று பெரும்பாலும் எங்கும் ஒத்து விளங்கும் நான்கு விசைகளின் வரலாறு, ஆசிரியர்களாகிய நமக்குத் தனிச்சுவை தருவது. கலிபோர்னியாவில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர், 1974, 1975 ஆண்டுகளில் ஜிப்சி என்னும் எழுத்துச் செயலியை உருவாக்கினர். அது ஜின் என்னும் பாடநூல் பதிப்பகத்துக்காகச் செய்யப்பட்டது. பதிப்பாசிரியர்கள் எவ்வாறு வேலை செய்கின்றனர் என்பதை அவர்கள் முதலில் கூர்ந்து நோக்கினர். கத்தரிக்கோலால் தாளை வெட்டிப் பசையால் ஒட்டும் பதிப்பகப் பழக்கமே, திரையில் 'வெட்டுதல்', 'ஒட்டுதல்' என்னும் கட்டளைகளாயிற்று.

அதே ஆய்வகத்தில் அதற்கு முன்பே பிராவோ என்னும் செயலி இருந்தது. அதில் எழுதும் நிலை வேறு, கட்டளையிடும் நிலை வேறு. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும்? முதலெழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது அதனை அழிக்கும். மூன்றாவது எழுதும் நிலைக்கு மாற்றும். நான்காவது எழுத்தாகிய டி மட்டும் திரையில் எஞ்சி நிற்கும். ஒரே விசைக்கு நிலைக்கேற்பப் பொருள் மாறுவதால் வரும் தீங்குக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இத்தகைய நிலைமாற்றங்களை ஒழிப்பதையே டெஸ்லர் தம் வாழ்நாட் கொள்கையாகக் கொண்டார். தம் மகிழுந்தின் எண்பலகையிலும் அக்கொள்கையையே பொறித்திருந்தார். அவர் 2020-இல் காலமானார்.

1980-இல் டெஸ்லர் ஆப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தார். 1983-இல் வெளிவந்த லிசா கணினியிலும், 1984-இல் வெளிவந்த மெக்கிண்டாஷிலும் இசட், எக்ஸ், சி, வி ஆகிய நான்கும் முறையே மீட்டல், வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என அமைந்தன. எக்ஸ் அடித்துவிடும் குறியை ஒத்தது. சி ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. வி இடைச்செருகற் குறியைப்போல் கூர்மையுடையது. இவை எல்லாவற்றினும் மேலாக, நான்கும் பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் இடக்கையால் எளிதில் எட்டக்கூடியவை.

ஆப்பிள் செய்த மற்றொரு செயலும் குறிப்பிடத்தக்கது. இக்கட்டளைகளுக்குக் கண்ட்ரோலைப் பயன்படுத்தாமல் தனி விசை ஒன்றை வைத்தது. அதுவே கமாண்ட் விசை. சூசன் கேர் என்னும் ஓவியர், சுவீடன் நாட்டில் காணத்தக்க இடங்களைச் சுட்டும் அடையாளத்தைக் குறியீட்டு அகராதி ஒன்றிலிருந்து எடுத்து அதற்குச் சின்னமாக்கினார். தனி விசை இருந்தமையால், பிற்காலத்தில் மெக் கணினியில் முனையச் சாளரம் வந்தபோதும் சண்டை எழவில்லை. கமாண்டுடன் சி படியெடுத்தது; கண்ட்ரோலுடன் சி பழைய முறைப்படி வேலையை நிறுத்தியது.

ஒழுங்கு செய்ய முயன்றோர்

குழப்பத்தைத் தீர்க்க எவரும் முயலவில்லை என்று கூறுதல் நியாயமன்று. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம், தன் பெரிய கணினி முதல் சிறிய கணினி வரை எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகளை வெளியிட்டது. ஷிஃப்டுடன் டெலீட் வெட்டுதற்கும், கண்ட்ரோலுடன் இன்சர்ட் படியெடுத்தற்கும், ஷிஃப்டுடன் இன்சர்ட் ஒட்டுதற்கும் உரியவையாயின. எஃப் 1 உதவிக்கும், ஆல்ட்டுடன் எஃப் 4 சாளரத்தை மூடுதற்கும் உரியவையாயின. விண்டோஸும் தொடக்கத்தில் இவ்விதிகளையே பின்பற்றியது. பிறகு 1992-இல் வந்த விண்டோஸ் 3.1, மெக்கிண்டாஷின் நான்கு எழுத்துகளைக் கண்ட்ரோலுடன் சேர்த்து ஏற்றுக்கொண்டது. பழையவையும் நீக்கப்படவில்லை. ஆதலால் இன்றும் பல செயலிகளில் இரண்டு மரபும் அருகருகே வாழ்கின்றன.

மெக்கிண்டாஷின் எழுத்துகளை எடுத்துக்கொண்ட விண்டோஸ், தனி விசையை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவாகக் கண்ட்ரோலும் சியும், நிறுத்துதல், படியெடுத்தல் என்னும் இரு பொருளுக்கும் உரியதாயிற்று. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் கண்ட்ரோலும் வியும் ஒட்டுதலைச் செய்ய 2015-இல் விண்டோஸ் 10 வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நீதிமன்றமும் இக்கதையில் இடம்பெறுகிறது. லோட்டஸ் 1-2-3 செயலிக்குப் பழகியோர் தம் செயலிக்கு எளிதாக மாறட்டும் என்று, போர்லண்ட் நிறுவனம் லோட்டஸின் கட்டளை வரிசையை அப்படியே தன் கணக்குச் செயலியிலும் வைத்தது. லோட்டஸ் நிறுவனம் 1990-இல் வழக்குத் தொடுத்தது. முதலில் லோட்டஸ் வென்றது. 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அக்கட்டளை வரிசை ஒரு பொறியை இயக்கும் முறையே ஆதலால் அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 1996-இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதிகள் நால்வருக்கு நால்வர் எனப் பிரிந்தமையால் அத்தீர்ப்பே நிலைத்தது. இவ்வழக்கு நடந்த ஆண்டுகளில், பிறர் செயலியோடு ஒத்திருப்பதே ஒரு நிறுவனத்தை நீதிமன்றம் வரை இழுக்கக்கூடியதாக இருந்தது என்பதை நோக்க வேண்டும். ஒத்திருத்தல் பயனர்க்கு நன்மை, நிறுவனத்துக்கோ அபாயம்.

முதலெழுத்தும் தாய்மொழியும்

நான்கு விசைகளைத் தவிர மற்றவற்றுட் பல, ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே. முதலெழுத்து இருபத்தாறே, கட்டளைகளோ நூற்றுக்கணக்கானவை. ஆகவே டி என்பது ஒரு செயலியில் நீக்குதற்கும், மற்றொன்றில் இரட்டித்தற்கும் முதலெழுத்தாய் நிற்கிறது. ஆங்கில இலக்கணப்படி இரண்டும் சரியே!

முதலெழுத்து வழக்கு மொழி மாறினால் பொருந்தாது. ஸ்பானிய மொழி வோர்டில் சேமித்தற்குக் கண்ட்ரோலும் ஜியும், தடித்த எழுத்துக்குக் கண்ட்ரோலும் என்னும் வழங்குகின்றன. அம்மொழிச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. தம் மொழியார் எளிதில் நினைவிற் கொள்ளட்டும் என்பதே நோக்கம். ஆனால் ஆங்கிலச் செயலிக்கு மாறும் ஸ்பானியர் மீண்டும் கற்க வேண்டியவராகின்றார். தாய்மொழிக்கு ஏற்றதும் உலகோடு ஒத்ததும் ஒருங்கே அமைதல் அரிது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நம் தமிழும் விசைப்பலகையில் இத்தகைய பிரிவைக் கண்டதுதான். பழைய தட்டச்சுப்பொறி முறை ஒன்று. ஆங்கில ஒலிப்படி தட்டும் முறை ஒன்று. எழுத்துகளின் இயல்பு நோக்கி அமைத்த முறை ஒன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு அஞ்சல் செயலியை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமி, கணினித் தமிழை ஒருமுகப்படுத்த 1997-இல் நடந்த தமிழிணைய மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தார். 1999-இல் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 என்னும் பொது விசைப்பலகை ஏற்கப்பட்டது. ஆயினும் பழைய முறைகள் மறையவில்லை. அறிஞர் கூடி முடிவு செய்தாலும், பழகிய விரல் உடனே இணங்குவதில்லை.

இதுவே குறுக்குவிசைகள் வேறுபட்டு நிற்பதற்கும் அடிப்படை. ஒரு செயலியின் விசையை மாற்றினால், அதற்குப் பழகிய பல்லாயிரவர் இடர்ப்படுவர். மாற்றாவிட்டால் புதிதாகக் கற்போர் இடர்ப்படுவர். பழகியோர் குரல் கொடுக்க வல்லவர். புதியோர் குரல் எழாது. ஆகையால் பழையதே பெரும்பாலும் வெல்கிறது. அவுட்லுக் அஞ்சற் செயலியில் கண்ட்ரோலும் எஃபும் தேடுதற்கன்றி, மடலைப் பிறர்க்கு அனுப்புதற்கு இன்றும் வழங்குவதை நோக்குக.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றால் ஆசிரியர் பெறும் பயன் யாது? முதலாவது, பட்டியலை மனப்பாடம் செய்வித்தலைக் கைவிட வேண்டும். எங்கும் பெரும்பாலும் ஒத்துள்ள மீட்டல், வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் ஆகிய நான்கை முதலிற் பழக்கலாம். அவற்றோடு சேமித்தலையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறவற்றைத் தேவை எழும்போது கற்பிக்கலாம்.

இரண்டாவது, கட்டளைப் பட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை ஊட்ட வேண்டும். பல செயலிகளில் கட்டளையின் பக்கத்திலேயே அதற்குரிய விசையும் எழுதப்பட்டிருக்கும். அகராதியைப் புரட்டத் தெரிந்த மாணவன் எல்லாச் சொல்லையும் மனத்திற் சுமக்க வேண்டுவதில்லை. அதுபோன்றதே இதுவும்.

மூன்றாவது, புதிய செயலியில் ஒரு விசையைச் சோதிக்குமுன் சேமிக்கச் செய்ய வேண்டும். பெயிண்டில் படத்தின் அளவை மாற்றக் கற்ற விசையை, உலாவியில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவன் அழுத்தினால், சேமிக்கப்படாத அவன் உழைப்பு பக்கத்தோடு மறைந்துபோகலாம். அவனைக் கடிந்துகொள்வதால் கட்டுரை திரும்ப வாராது.

நான்காவது, தேர்வுத்தாளில் "இவ்விசையின் பயன் யாது?" என்று செயலியின் பெயரைச் சொல்லாமல் வினவுதல் முறையன்று. சார்பு கூறாமல் பல பொருள் ஒருசொல்லுக்குப் பொருள் கேட்பது போன்றது அது. எஃப் 5 விசைக்கு நோட்பேடை எண்ணி ஒரு மாணவன் நாளும் நேரமும் என்று விடை எழுதினால் அவனும் சரியே. புதுப்பித்தல் என்று எழுதியவனும் சரியே. இருவருள் ஒருவனுக்கு மதிப்பெண் மறுப்பது அநீதி. விசையைக் கேட்பதைவிட, "இப்பத்தியை இங்கிருந்து அங்கு மாற்றிக் காட்டு" என்று பணியைக் கொடுத்தலே தக்கது. பட்டியின் வழியாகச் செய்தாலும் விசையின் வழியாகச் செய்தாலும் பணி முடிந்ததா என்பதையே ஆசிரியர் நோக்க வேண்டும்.

கணினி கற்க அஞ்சும் மூத்த ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். சார்பு நோக்கிப் பொருள் தெளியும் பயிற்சி உங்களிடம் முன்னரே இருக்கிறது. எந்தச் செயலி, அது எந்த மரபில் வந்தது என்று கேட்டுக்கொண்டு விசையை அணுகுங்கள். பொறியின் முன் தலைகுனிய வேண்டியவர் நீங்கள் அல்லர். ஒவ்வாத பல மரபுகளை ஒரே பலகையில் ஏற்றி வைத்தவர்கள் அதை ஆக்கியவர்களே. இதனைத் தாமும் உணர்ந்து, தம் மாணவர்க்கும் உணர்த்துதல் ஆசிரியர் கடமையாகும்.